விதை உருளைக்கிழங்கு: முழுதாக நடுவதா, வெட்டி ஆற்றி நடுவதா, சாம்பல் தடவி உடனே நடுவதா?

கார்த்திகை, மார்கழியில் உருளைக்கிழங்கு நடும் யாழ்ப்பாணத்து வலிகாமத் தோட்டக்காரருக்கு விதைதான் முதற் செலவு, பெருஞ் செலவும் அதுவே. மூட்டையைப் பிரித்தால் ஒரு பங்கு கோழிமுட்டை அளவில் இருக்கும். மற்றப் பங்கு அதைப்போல் இருமடங்கு. பெரியதை வெட்டினால் விதை மிச்சம். வெட்டியது மழை ஈரத்தில் அழுகினால் வரிசை வரிசையாகக் குழி வெறுமையாகிவிடும். இந்தத் தெரிவைப் பலர் விலையை மட்டும் வைத்துத் தீர்மானிக்கிறார்கள். விலையையும் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் வெட்டிய துண்டு பிழைப்பதும் அழுகுவதும், அதன் வெட்டுமுகத்தில் சுபெரின் என்ற பல்பகுதியம் (சிறு மூலக்கூறுகள் பல கோக்கப்பட்ட பெரிய வலை) நேரத்துக்கு உருவாகிறதா என்பதில் இருக்கிறது. அதன் கட்டமைப்பு விளங்கினால் எந்த வழி எப்போது சரிவரும் என்பதும் விளங்கிவிடும்.

முதலில் விதைக் கணக்கு. ஒரு ஏக்கர் 16 பரப்பு என்றால் ஒரு பரப்பு ஏறத்தாழ 253 சதுர மீற்றர். வரிசைக்கு வரிசை 60 சென்ரிமீற்றர், குழிக்குக் குழி 25 சென்ரிமீற்றர் விட்டால் ஒரு பரப்புக்கு ஏறத்தாழ 1,690 குழி. 40 கிராம் முழுக்கிழங்கு நட்டால் 67 கிலோ விதை வேண்டும். 80 கிராம் கிழங்கை முழுதாக நட்டால் 135 கிலோ. அதையே இரண்டாக வெட்டினால் மறுபடியும் 67 கிலோ. ஆகவே வெட்டுவதால் வரும் மிச்சம், கையில் பெரிய கிழங்கு இருக்கும்போது மட்டுமே மிச்சம். சிறு கிழங்கு அதே விலைக்குக் கிடைக்குமானால் கத்தியை எடுக்கவே தேவையில்லை.

தோலில் இருப்பது என்ன

உருளைக்கிழங்கின் தோல் மேற்றோல் அல்ல. கிழங்கு பருக்கத் தொடங்கும்போதே மேற்றோல் போய், அந்த இடத்தைச் சுற்றுப்பட்டை எடுத்துக்கொள்கிறது. அதன் வெளிப்பகுதி இறந்த தக்கைக் கலங்களால் ஆனது. கலத்தோடு கலம் நெருங்கி, இடைவெளி இல்லாமல் பல அடுக்காக நிற்கும். இந்தக் கலங்களின் சுவருக்கும் அதற்கு உள்ளே இருக்கும் முதலுருமென்சவ்வுக்கும் இடையே, அதாவது சுவரின் உட்பக்கத்தில், சுபெரின் படிந்திருக்கிறது. இலையிலும் மாம்பழத் தோலிலும் உள்ள கியூற்றின் இதற்கு நெருங்கிய உறவு. ஆனால் கியூற்றின் மேற்றோற் கலத்தின் வெளிச்சுவருக்கு மேலே படிவது.

இரண்டும் கொழுப்பமிலங்கள் எசுத்தர்ப் பிணைப்பால், அதாவது காபொட்சில் என்ற அமில முனையும் ஐதரொட்சில் முனையும் சேரும் பிணைப்பால், கோக்கப்பட்டு உருவானவை. கியூற்றினில் 16, 18 காபன் கொண்ட சங்கிலிகள் இருக்கின்றன. அவற்றின் நடுப்பகுதியிலேயே ஐதரொட்சிற் கூட்டமோ எப்பொட்சைட்டுக் கூட்டமோ தொற்றியிருக்கும். சுபெரினில் பெரும்பாலும் முனைகளில்தான் விசயம். ஒரு முனையில் காபொட்சிலும் மறுமுனையில் ஐதரொட்சிலும் உள்ள ஒமேகா-ஐதரொட்சி அமிலங்கள் ஒரு வகை. இரு முனையிலும் காபொட்சில் உள்ள ஈரமிலங்கள் இன்னொரு வகை. உருளைக்கிழங்கில் முன்னிற்பது 18 காபன் ஈரமிலம். ஒலெயிக்கமிலத்தின் வால்முனையும் காபொட்சிலாக ஒட்சியேற்றப்பட்டால் கிடைப்பது அதுதான். 9ஆம் காபனில் உள்ள இரட்டைப் பிணைப்பு அப்படியே இருக்கும். 20 காபனுக்கு மேற்பட்ட நீண்ட சங்கிலிகளும் சுபெரினில் உண்டு, கியூற்றினில் அவை அரிது.

ஈரமிலம் இரண்டைப் பக்கத்தில் வைத்தால் அவை ஒன்றோடொன்று எசுத்தர் ஆகமாட்டா, ஏனென்றால் முனைகள் எல்லாமே காபொட்சில். நடுவில் கிளிசரோல் வந்து நிற்கிறது. அதற்கு மூன்று ஐதரொட்சில் இருப்பதால் ஒரு மூலக்கூறு மூன்று பக்கமும் சங்கிலிகளைப் பிடிக்கலாம். அப்படித்தான் நேர்ச்சங்கிலிகள் வலையாகின்றன.

இந்தக் கொழுப்பு வலை கலச்சுவரோடு ஒட்டி நிற்க இன்னொரு பகுதி வேண்டும். அது பீனோலிக்குப் பகுதி: பெரூலிக்கமிலம், பெரூலிக்கமிலமும் தைரமீனும் சேர்ந்த ஏமைட்டு, மரத்தை இறுக்கும் இலிக்னினை ஒத்த வேறு வளையச் சேர்வைகள். ஐதரசன் பேரொட்சைட்டைப் பயன்படுத்தி பெரொட்சிடேசு நொதியம் இவற்றை ஒன்றோடொன்றும் சுவரோடும் குறுக்கே பிணைத்துவிடுகிறது. பெரூலிக்கமிலத்தின் அமில முனை கொழுப்புச் சங்கிலியை எசுத்தராகப் பிடிக்கும். அதன் வளையம் பீனோலிக்கு வலையில் இணையும். இரண்டு பகுதிகளுக்கும் அதுவே பாலம்.

மூன்றாவது பங்காளி மெழுகு. பல்பகுதியத்தோடு பிணையாமல் அதன் தட்டுகளுக்கிடையே புகுந்திருக்கும் நீள்சங்கிலி அற்ககோல்கள், ஐதரோகாபன்கள், பெரூலிக்கமிலத்தின் எசுத்தர்கள் இவை. தண்ணீரை மறிப்பதில் பெரும் பங்கு மெழுகுக்குத்தான். கேரளத்தில் பிறந்து அமெரிக்காவின் வாசிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய பாப்பச்சன் கொலத்துக்குடியின் குழு 1979இல் இதைக் காட்டியது: ஆறிவரும் உருளைக்கிழங்கு இழையத்தில் மெழுகு உருவாவதைத் தடுத்தால், நீராவியை மறிக்கும் ஆற்றல் வருவதும் தடைப்படுகிறது. மெழுகு ஒழுங்காகத் தங்கப் பல்பகுதியமும் செம்மையாக இருக்கவேண்டும். ஸ்பெயினின் கிரோனா பல்கலைக்கழகத்தார் 2009இல், சங்கிலியின் வால்முனையை ஒட்சியேற்றும் நொதியத்தின் பரம்பரையலகை உருளைக்கிழங்கில் அடக்கிப் பார்த்தார்கள். சுபெரின் தட்டுகள் குலைந்தன. தோலின் நீர் ஊடுபுகவிடுமியல்பு 3.5 மடங்கானது. தோல் இருந்தும் தோலின் வேலை நடக்கவில்லை.

வெட்டியபின் நடப்பது

80 கிராம் உருண்டைக் கிழங்கின் ஆரை ஏறத்தாழ 2.6 சென்ரிமீற்றர். நடுவால் வெட்டினால் ஒவ்வொரு பாதியிலும் வெட்டுமுகம் 21 சதுர சென்ரிமீற்றர், தோல் 43. துண்டின் மேற்பரப்பில் மூன்றில் ஒரு பங்கு காயம். அதையே நான்காக வெட்டினால் ஒவ்வொரு துண்டிலும் காயம் 21, தோலும் 21, சரிபாதி. நான்காக வெட்டிய துண்டு ஏன் அடிக்கடி கெடுகிறது என்பதற்கு இந்தக் கணக்கே போதும். அதோடு துண்டும் 20 கிராமுக்கு இறங்கிவிடுவதால் முளையை வளர்க்கும் மாப்பொருளும் போதாது.

வெட்டியவுடன் உடைந்த கலங்களிலிருந்து சாறும் மாவும் வழியும். சில மணித்தியாலத்தில் முகம் வெளிறி, பின் பழுப்பாகும். அந்தப் பழுப்பு, தைரோசின் முதலிய சேர்வைகள் காற்றில் ஒட்சியேறிய நிறம். அது சுபெரின் அல்ல. காய்ந்த மாப்படலமும் தடுப்பு அல்ல. நிறத்தைப் பார்த்து "ஆறிவிட்டது" என்று மறுநாளே நடுவதால்தான் பெரும்பாலான இழப்பு வருகிறது.

உண்மையான வேலை, உடைந்த கலங்களுக்குக் கீழே உயிரோடு இருக்கும் முதல் இரண்டு மூன்று புடைக்கலவிழைய (மாவைச் சேமிக்கும் சதை) அடுக்குகளில் நடக்கிறது. அதுவும் ஒரே தடவையில் அல்ல. முதலில் பீனோலிக்குப் பகுதி படிகிறது, பிறகு கொழுப்புப் பகுதி. 1998இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று 18 பாகை வெப்பநிலையில் இதைப் பின்தொடர்ந்தது. முதற் கல அடுக்கில் பீனோலிக்குப் பகுதி முழுமையாக இரண்டு மூன்று நாள் ஆனது; அப்போது அழுகல் பற்றீரியா உட்புக முடியவில்லை. ஆனால் பியூசேரியம் பங்கசு அந்தக் கட்டத்தையும் துளைத்துக்கொண்டு போனது. அது நின்றது கொழுப்புப் பகுதியும் முழுமையான ஐந்து தொடக்கம் ஏழு நாளில். இந்த இரண்டு எண்களும்தான் இந்தக் கட்டுரையின் மையம். இரண்டு நாள் ஆற்றிய துண்டுக்குப் பாதிப் பாதுகாப்பு. ஒரு வாரம் ஆற்றிய துண்டுக்கு முழுப் பாதுகாப்பு. அதற்கடியில் தக்கைக் கலங்களைப் பிறப்பிக்கும் புதிய மாறிழையம் தோன்றி, பழைய தோலைப் போன்ற ஒரு தோலைக் கட்டுவது பின்னர் மண்ணுக்குள்ளேயே நடந்துகொள்ளும்.

இது நடக்க மூன்று வேண்டும்: உயிருள்ள கலம், ஒட்சிசன், மிதமான சூடு. வெயிலிலோ மின்விசிறிக் காற்றிலோ காயவைத்தால் மேற் கலங்கள் சுபெரின் கட்டுமுன் செத்துப்போகும். வேலை அடுத்த அடுக்கில் முதலிலிருந்து தொடங்கவேண்டும். முகத்தில் நீர்ப்படலம் நின்றால் ஒட்சிசன் உள்ளே போகாது, பெரொட்சிடேசு வழித் தாக்கமும் ஓடாது. அழுகற் பற்றீரியாவுக்கோ அதுவே வசதி. சூடு 25 பாகை அளவில் வேலை வேகம், 30ஐத் தாண்டக் குலையும், 35இல் நின்றேவிடும். மார்கழி, தை யாழ்ப்பாணத்தில் பகல் 28, 29, இரவு 22, 23 என்று இருப்பதால் வெளிவெப்பநிலை காரியமில்லை. தகரக் கூரைக் கொட்டிலின் நண்பகல்தான் ஆபத்து.

வெட்டிய துண்டைக் கழுவவே கூடாது. காயம் ஆறுவதைத் தூண்டுவதில் அப்சிசிக்கமிலம் என்ற தாவர ஓமோனுக்குப் பங்கு உண்டு; வெட்டிய இழையத்தைக் கழுவிக்கொண்டிருந்தால் அது கரைந்துபோய்ச் சுபெரின் உருவாவது தடைப்படுகிறது என்று கொலத்துக்குடியின் ஆய்வுகூடம் 1978இலேயே காட்டியிருக்கிறது. மாவு வழிகிறதே, சுத்தமாக்குவோம் என்று வாளியில் முக்குவது நல்லெண்ணத்தோடு செய்யும் கேடு.

முழுக்கிழங்கு

30 தொடக்கம் 50 கிராம், ஏற்கெனவே முழுச் சுற்றுப்பட்டை, காயம் இல்லை. கத்தி படாததால் ஒரு கிழங்கின் நோய் மற்றதுக்குப் போகாது. மழை தொடரும் ஆண்டில் இதற்கு மாற்று இல்லை என்றே சொல்வேன். இதன் குறை இரண்டு. சிறு கிழங்கின் விலை கிலோவுக்குக் கூடலாம். அடுத்தது, சிறு கிழங்கு நோயுற்ற செடியிலிருந்தும் வந்திருக்கலாம். வைரசு தொற்றிய செடியின் கிழங்கு சிறுத்துத்தான் போகும். உள்ளூர்ச் சந்தையில் கழித்துவைத்த சிறு கிழங்கை விதை என்று வாங்கக்கூடாது. உறுதிப்படுத்திய விதையில் சிறு தரம் வேறு, சந்தைக் கழிவு வேறு. கறிக்கு வரும் இறக்குமதிக் கிழங்கில் முளை அடக்கி தெளித்திருக்கவும் கூடும். அது முளைக்காது, காயமும் சரியாக ஆறாது.

முழுக்கிழங்கும் எல்லாவற்றுக்கும் காவல் அல்ல. தோலில் மூச்சுவிடும் சிறு துளைகளான பட்டைவாய்கள் இருக்கின்றன. நீர் தேங்கினால் அவை வெள்ளைப் பரு மாதிரி வெடித்துத் திறக்கும். அந்த வாசலால் பற்றீரியா நுழையும். கிழங்கு முழுதென்று வடிகாலை மறந்துவிடவேண்டாம்.

வெட்டி ஆற்றி நடுதல்

70 கிராமுக்கு மேற்பட்ட கிழங்கு கையில் இருந்தால், நடும் நாளுக்கு ஏழு நாள் முன்னர் வெட்ட முடிந்தால், இது முழுக்கிழங்குக்கு அடுத்த நல்ல வழி. இரண்டாக மட்டும் வெட்டுங்கள். கண்கள் நெருங்கியிருக்கும் தலைப்பக்கத்திலிருந்து அடிவரை நெடுக்காக வெட்டினால் இரண்டு பாதிக்கும் கண் கிடைக்கும். துண்டு 35 கிராமுக்குக் குறையக்கூடாது.

குளிரறையிலிருந்து வந்த கிழங்கை வந்த நாளே வெட்டவேண்டாம். அதன்மேல் வியர்த்து நீர் நிற்கும். உள்ளேயும் குளிர்ந்திருப்பதால் ஆறுதல் தொடங்காது. நிழலில் பரப்பி வெளிச்சூட்டுக்கு வந்து, கண் வெள்ளையாக விழிக்கத் தொடங்கும்போது வெட்டலாம். நீள முளை விட்டுச் சுருங்கிய கிழங்கு வயதேறியது, மெதுவாகத்தான் ஆறும். அதை வெட்டாமல் முழுதாக நடுங்கள்.

கத்தி மெல்லிய அலகாக, கூராக இருக்கவேண்டும். மொட்டைக் கத்தி கலங்களை நசித்து முகத்தை மேடுபள்ளமாக்கும். சுபெரின் அடுக்கு தொடர்ச்சியாக வராது. இரண்டு கத்தி வைத்துக்கொண்டு, ஒன்று வெட்டும்போது மற்றது வெளிற்றும் திரவத்தில் கிடக்கட்டும். கடையில் விற்கும் 5 சதவீதத் திரவத்தில் ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு தண்ணீர். சாறும் மண்ணும் சேர்ந்தால் அது வீரியம் இழக்கும், கலங்கியதும் மாற்றுங்கள். ஒவ்வொரு கிழங்கையும் வெட்டியவுடன் முகத்தைப் பாருங்கள். தோலுக்குச் சற்று உள்ளே சாற்றுவளையம் பழுப்பாக இருந்து, அழுத்தினால் பால்போல் கசிந்தால் அது பற்றீரியா வாடல். அந்தக் கிழங்கை எறிந்து, கத்தியையும் மாற்றவேண்டும். வாடல் பற்றீரியா காழுக்குள்ளேயே, அதாவது நீர் ஓடும் குழாய்களுக்குள்ளேயே இருக்கும். வெளியில் எவ்வளவு நல்ல சுபெரின் கட்டினாலும் அதற்குப் பயனில்லை.

துண்டுகளை முகம் மேலே பார்க்க, ஒரே அடுக்காகச் சாக்கில் பரப்புங்கள். சீமெந்துத் தரையானால் கீழே பலகையோ கிடுகோ போடவேண்டும். இரண்டு அடி உயரத்தில் கயிறு கட்டி, நனைத்துப் பிழிந்த சாக்கை அதன்மேல் கூரையாக விரித்தால் சாரீரப்பதன் 85 சதவீதத்துக்கு மேல் நிற்கும். துண்டில் சாக்கு தொடாது. பக்கங்களால் காற்றும் ஓடும். பொலித்தீனால் மூடினால் வியர்வை சொட்டும். குவித்துவைத்தால் மூச்சுச் சூட்டிலேயே நடுக்குவியல் வெந்துபோகும்.

ஆறியதா என்று அறிய ஒரு கிராம் துல்லியத் தராசு போதும். பத்துத் துண்டையும், அதே மொத்த எடைக்கு முழுக்கிழங்கையும் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு காலையும் நிறுத்து எழுதுங்கள். முதல் நாளில் துண்டுகள் வேகமாக எடை இழக்கும். மெழுகு படியப் படிய அந்த வேகம் இறங்கி, முழுக்கிழங்கின் நாளாந்த இழப்பை நெருங்கும். இரண்டு காலை தொடர்ந்து அப்படி நின்றால் அடைப்பு முழுமை. இங்குள்ள சூட்டில் அது ஒரு வாரத்துக்குள் வரவேண்டும். விரலால் பார்த்தால் முகம் தோல்போல் இறுகி, தேய்த்தாலும் மாவு ஒட்டாது. ஓரம் சுருண்டு, நடு வெளுத்து, நகத்தால் சுரண்டினால் உள்ளே ஈரம் கசியும் துண்டு ஆறியதல்ல, காய்ந்தது.

சாம்பல் அல்லது மருந்துத் தூள் தடவி உடனே நடுதல்

சாம்பல் ஈரத்தை ஒற்றும்; பொற்றாசியம் காபனேற்று இருப்பதால் காரமும்கூட. முகத்தில் உள்ள பற்றீரியா சிலவற்றுக்கு அது ஆகாது, உண்மை. ஆனால் அது சுபெரின் அல்ல, சுபெரினைக் கட்டவும் உதவாது. தடிப்பாக அப்பினால், சுபெரின் கட்டவேண்டிய கலங்களிலிருந்தே நீரை இழுத்துவிடும். மண்ணுக்குள் போனதும் முதல் மழையில் கரைந்தும் போகும். ஏழு நாள் ஆற்றிய துண்டில் மெல்லத் தூவினால் பாதகம் இல்லை; ஆற்றுவதற்குப் பதிலாக என்றால் நான் உடன்படமாட்டேன்.

மன்கோசெப் போன்ற பூஞ்சணக்கொல்லித் தூளின் நிலை சற்று வேறு. சுபெரினின் கொழுப்புப் பகுதி முழுமையாகும்வரை பியூசேரியத்துக்கு வாசல் திறந்திருக்கும் அந்த இடைநாட்களை அது காக்கும். மென்னழுகல், வாடல் பற்றீரியாக்களை அது தொடாது. நம் மாரி மண்ணில் பெரிய எதிரி பற்றீரியா என்பதால், தூளை மட்டும் நம்பி உடனே நடுவது தவறான இடத்தில் காவல் வைப்பது. விதைக்கிழங்குக்கு என்று லேபலில் இருந்தால் மட்டும், அதில் உள்ள அளவுக்கு, கையுறையும் முகக்கவசமும் போட்டுத் தூவவும்.

குளிர்நாடுகளில் வெட்டியவுடன் நடுகிறார்களே என்ற கேள்வி வரும். அங்கே மண் 10, 15 பாகையில், ஈரம் மிதமாக இருக்கும். மண்ணே ஆற்றும் அறையாகிவிடுகிறது, பற்றீரியாவும் மந்தம். இங்கே 27 பாகை ஈரமண்ணில் சுபெரினும் வேகம், பற்றீரியா அதைவிட வேகம்.

இராசவள்ளி நடுவோர் இதே கணக்கை அப்படியே எடுக்கவேண்டாம். அந்தக் கொடியின் கிழங்குக் காயம் ஆற 29 தொடக்கம் 32 பாகை சூடும் 90 சதவீதத்துக்கு மேற்பட்ட ஈரப்பதனும்தான் உகந்தது. நான்கு தொடக்கம் எட்டு நாள். நமது காலநிலை அதற்கு இயல்பாகவே பொருந்துகிறது, உருளைக்கிழங்குக்கு நாம் ஏற்பாடு செய்யவேண்டியிருக்கிறது.

கலப்பு மூட்டை வந்தால் செய்யவேண்டியது தரம்பிரிப்பு. 50 கிராம்வரை உள்ளதை முதலில் முழுதாக நட்டுவிடுங்கள். 50க்கும் 70க்கும் இடைப்பட்டதும் முழுதாகவே போகட்டும். பாதியாக்கினால் துண்டு சிறுத்துவிடும். 70க்கு மேற்பட்டதை, வெளிச்சூட்டுக்கு வந்து கண் விழிக்கத் தொடங்கியதும் வெட்டி ஆறவைத்து, ஒரு வாரம் கழித்து அடுத்த பாத்திக்கு எடுங்கள். அந்த வாரத்தில் அடைமழை வந்தால் ஆறிய துண்டைச் சாக்கின்கீழ் மேலும் சில நாள் வைத்திருக்கலாம், கெடாது. முளை நீண்டு ஒடியாமல் பார்த்தால் போதும். நடுமுன் மண் பிடித்தால் உருண்டு, விட்டால் உதிரும் பதத்தில் இருக்கவேண்டும். நட்டபின் முளை தெரியும்வரை வெள்ளமாக இறைக்காதீர்கள். தூள் தூவிய துண்டு மிஞ்சினால் கறிக்கும் எடுக்கக்கூடாது, மாட்டுக்கும் போடக்கூடாது. கிணற்றிலிருந்து தள்ளி ஆழமாகத் தாட்டுவிடுங்கள்.